பதினோராம் நம்பரில் டாலர் விழாது

கணினி ஆய்வகத்தின் சாவியைப் புதிதாக வாங்கியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். கொத்தில் ஐந்து சாவிகள் இருக்கும். அவற்றில் ஒன்று எந்தப் பூட்டிலும் சேராது. எனக்கு முன்னால் இருந்தவர், "இருக்கட்டும், எதுக்காவது உதவும்" என்று சொல்லிக் கொடுத்தார். நானும் பத்தொன்பது வருடம் அதைச் சுமந்தேன். நீங்கள் முதல் நாளே எறிந்துவிடுங்கள்.

நான் ஆசிரியை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். திருச்சி புத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் பழகினேன். பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். போன மே மாதத்தோடு, ஓய்வு வயது வருவதற்கு முன்னாலேயே, கழுத்து வலியால் விலகிவிட்டேன். காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் எல்லாம் வகுப்பறையில் நடக்கும். கணினிப் பாடத்தின் செய்முறைக்கு மட்டும் ஆய்வகத்துக்கு வருவார்கள். புத்தகத்தைக் கம்ப்யூட்டர் டீச்சர் நடத்துவார். மெஷினில் உட்காரவைத்துப் பழக்குவது என் பங்கு. நியமன ஆர்டரில் அப்படி எழுதியிருக்காது. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்றால் வேறு எப்படி நடக்கும்?

எனக்குப் பேச வராது. இப்போதும் கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்காமல் வந்துவிடுகிற ஆள். முதல் மூன்று மாதம் கரும்பலகையைப் பார்த்தபடியேதான் பாடம் சொன்னேன். ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் பின் வரிசைகள் காலி. எல்லாப் பிள்ளைகளும் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் குரல் கேட்கவில்லையாம். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர்களைப் பார்த்துப் பேசப் பழகினேன். பெரியவர்களிடம் பேசத்தான் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆயிற்று. அந்தத் தாமதம் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

காமர்ஸ் குரூப் என்றால் எங்கள் பள்ளியில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்று பெற்றோரே சொல்வார்கள். அறிவியல் குரூப்பின் ஆய்வகத்துக்குப் புது மெஷின்கள் வந்தால், அங்கே கழித்த பழசு எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அப்படித்தான் ஒரு ஜூன் மாதம் ஆறு மெஷின்கள் வந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பதினோராம் நம்பர் ஒட்டினேன்.

பதினொன்றின் கீபோர்டில், எழுத்துகளுக்கு மேலே இருக்கும் எண் வரிசையில், நாலு என்ற பொத்தான் வேலை செய்யவில்லை. நாலு வேண்டுமானால் வலது ஓரத்து எண்கட்டத்தில் இன்னொரு நாலு இருக்கிறது, அதை அடித்துக்கொள்ளலாம். ஆனால் மேலே இருக்கும் அந்தப் பொத்தானில்தான் டாலர் குறியும் இருக்கிறது. அதற்கு வேறு பொத்தான் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் புரோகிராமில், எண்ணையோ சொல்லையோ வைத்துக்கொள்ள இடும் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் டாலர் குறி போட்டே ஆகவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மெஷின் விடை காட்டாது.

பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. ஷர்மிளா என்று ஒரு வாயாடி இருந்தாள். பொருளியல் டீச்சர் ஆய்வகப் பக்கம் வந்தபோது அவள் எழுந்து நின்று கேட்டாள்:

"டீச்சர், கிளாஸ்ல டாலர் ஏறுது ஏறுதுன்னு சொல்றீங்க. இங்க வந்து பாருங்க, பதினொன்னாம் நம்பர்ல எறங்கவே மாட்டேங்குது."

"உனக்கு வாய் மட்டும் ஏறிக்கிட்டே போகுதுடி" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்ததோடு நிற்காமல் ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பதினொன்றின் திரையில் 'டாலர்' என்ற பெயரில் ஒரு ஃபைல் போட்டேன். அதற்குள் ஒரே ஒரு டாலர் குறி. யார் அந்த மெஷினில் உட்கார்ந்தாலும் முதலில் அந்த ஃபைலைத் திறந்து, குறியை காப்பி எடுத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இரண்டே வகுப்பில் பழகிவிட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். திரையிலேயே ஒரு கீபோர்டை வரவழைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது தெரியாது. தெரியாததை யாரிடமும் கேட்கவும் இல்லை.

தலைமையாசிரியையிடம் போனேன், போகவில்லை என்று இல்லை. வகுப்புகளுக்கும் ஆய்வகங்களுக்கும் வேண்டியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் நாள் அது. பத்துப் பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது அவர் ஏதோ கையெழுத்துப் போட்டபடி கேட்டார்.

"ஒரு கீபோர்டா? அது இல்லாம ஓடலையா?"

"ஓடுது டீச்சர்."

"அப்போ முக்கியமா?"

"இல்ல டீச்சர். சமாளிச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வரிசையில் என் பின்னால் நின்ற பொருளியல் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: "ஏங்க, வேணும்னு போயிட்டு வேணாம்னு சொல்லிட்டு வரீங்க? பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கறேன்? ஒண்ண வேணாம்னு விட்டா அதுக்கும் ஒரு வெல உண்டு. யாராவது ஒருத்தர் குடுத்துத்தான் ஆகணும்."

"நானே சத்திரத்துல ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன் டீச்சர்" என்றேன். தினமும் சத்திரம் பேருந்து நிலையத்தில்தான் பஸ் மாறினேன். கீபோர்டு விற்கும் கடையை இரண்டு வேளையும் பார்த்துக்கொண்டே போனேன். ஃபைல்தான் இருக்கிறதே என்று நாள் போனது. நாலு வாரத்துக்குப் பிறகு அந்தக் கடை கண்ணில்கூடப் படவில்லை. பழுது தீர்ந்துவிட்டது என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

பிப்ரவரி வந்தது. பொதுத்தேர்வின் செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வருவதற்கு முந்தைய நாள் எல்லா மெஷின்களிலும் பிள்ளைகள் போட்டுவைத்த பழைய ஃபைல்களைத் துடைத்துவிட வேண்டும். ஒரு பழைய புரோகிராம் கிடைத்தாலும் காப்பி அடிக்க விட்டதாகிவிடும். இந்தக் காரியத்தில் நான் கறாரான ஆள். ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து, குப்பைத்தொட்டிவரை காலி செய்து, பூட்டியபோது மாலை ஐந்து மணி. ஆய்வகம் அலம்பிவிட்ட தரை மாதிரி இருந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

பதினொன்றில் இருந்த 'டாலர்' ஃபைலையும் அந்தத் திருப்தியோடுதான் அழித்திருக்கிறேன். அழித்தது ஞாபகம்கூட இல்லை.

மறுநாள் வந்த எக்ஸ்டர்னல் சார் திருவெறும்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்காரர். இரண்டு பஸ் மாறி வியர்வையோடு வந்தார். தண்ணீர் குடித்தார், காபி வேண்டாம் என்றார், நேராக வேலையில் இறங்கினார். அன்று முறை வந்த இருபது பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். ஒரு சீட்டு கேள்விக்கு, இன்னொரு சீட்டு மெஷினுக்கு. பதினொன்று கௌசல்யாவுக்கு விழுந்தது.

கௌசல்யாவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரில் வாழை போடுகிற குடும்பம். அமைதியான பெண், கணக்குப்பதிவியலில் வகுப்பிலேயே முதல். சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், அரசு உதவி பெறும் பிரிவில், பி.காம். சேரவேண்டும் என்று இருந்தாள். அந்தப் பிரிவில் இடம் கிடைத்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் சித்தி வேலை பார்க்கும் இடத்துக்கே போகவேண்டியது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். இதை அவளே ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு, அழாமல், செய்தி வாசிப்பதுபோல் என்னிடம் சொன்னாள். அந்த இடத்துக்கு ஒவ்வொரு மார்க்கும் கணக்கு. செய்முறையில் பத்து மார்க் போனால் அந்தப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

"சத்தம் கேக்கக்கூடாது. திரும்பிப் பாக்கக்கூடாது. மெஷின்ல பழசு எதாவது வெச்சிருந்து எடுத்தா அது காப்பிதான். பேப்பரை வாங்கிக்கிட்டு வெளிய அனுப்பிடுவேன்" என்றார் எக்ஸ்டர்னல் சார். பிள்ளைகள் முதலில் புரோகிராமைத் தாளில் எழுதவேண்டும், பிறகு மெஷினில் அடித்து விடையைக் காட்டவேண்டும். அரைமணி நேரம் பேனாச் சத்தம் மட்டும். பிறகு கீபோர்டுச் சத்தம் ஆரம்பித்தது.

நான் வாசல் பக்கம், கரண்ட் போனால் மெஷின்களைக் காப்பாற்றும் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து கௌசல்யாவின் திரை தெரிந்தது. அவள் மவுஸை வைத்துக்கொண்டு காலியான திரையில் மேலும் கீழும் எதையோ தேடினாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மெல்ல என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவசரத்தில் மனம் என்னென்ன கணக்குப் போடும் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். முதலில் வந்த யோசனை திருட்டுத்தனமானது. வயரைச் சரிபார்ப்பதுபோல் போய், பென்டிரைவில் ஒரு டாலரைக் கொண்டு போய்ப் போட்டுவிடலாம். பிடிபட்டால் வெளியே போவது நான் இல்லை, அவள். அதை விட்டேன். அறிவியல் ஆய்வகத்திலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவரலாம். அங்கேயும் தேர்வு, எல்லா மெஷினிலும் ஆள். மூன்றாவது வழி, எல்லோர் முன்னாலும் எக்ஸ்டர்னல் சாரிடம் சொல்வது. அதுதான் சரி என்று எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் போனேன்.

நாலு அடி வைத்திருப்பேன். "யாரும்மா நீங்க? பிள்ளைங்க பக்கம் போகக்கூடாது, தெரியாதா?" என்றார்.

"லேப் அசிஸ்டென்ட் சார்."

"என்ன வேணும்?"

இருபது தலைகள் திரும்பின. கௌசல்யாவின் தலையும்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். திரும்பி வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். அந்த மூன்று வார்த்தைக்குப் பிறகு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நிமிடமும் இப்போது போகலாம் என்று நினைப்பேன். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று அடுத்த நிமிடமே நினைப்பேன். நேரம் போகப்போக, சொல்லவேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று.

நேரம் முடிந்தது. சார் ஒவ்வொரு மெஷினாக விடை பார்த்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் டீச்சர் பக்கத்தில் மார்க் தாளோடு நடந்தார். பதினொன்றுக்கு வந்தார்கள். கௌசல்யா முழு புரோகிராமையும் அடித்திருந்தாள். டாலர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ஒரு எழுத்து அளவுக்கு வெற்றிடம் விட்டிருந்தாள்.

"என்னம்மா இது? ஒரு எடத்துலயாவது டாலர் இருக்கா? அவுட்புட் எப்படி வரும்?"

"அந்த கீ வேலை செய்யாது சார்."

"எந்த கீ?"

"நாலு."

சார் குனிந்தார். கை பழகிய இடத்துக்குப் போயிற்று, வலது ஓரத்து எண்கட்டத்தில் இருந்த நாலைத் தட்டினார். திரையில் அழகாக ஒரு நாலு விழுந்தது.

"விழுதே!"

"அது இல்ல சார், மேல இருக்கறது. ஜூன்லேர்ந்தே இப்படித்தான் சார்."

"ஜூன்லேர்ந்தா? எட்டு மாசமா டாலரே இல்லாமதான் படிச்சியா? நல்லா இருக்கே கதை. அப்போ காலைலயே ஏன் சொல்லல?" சார் கம்ப்யூட்டர் டீச்சரைப் பார்த்தார். அந்த டீச்சர் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. "தெரியல சார்" என்றார். சார் பேனாவைத் திறந்தார்.

கௌசல்யா அந்தப் பேனாவையே பார்த்தாள். 'டாலர்' ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு விளக்கம் கிடைத்திருக்கும். அவள் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: அந்த அறையில் உண்மை தெரிந்த பெரியவள் நான் ஒருத்தி, அந்தப் பேனா தாளைத் தொட்டுவிட்டால் முடிந்தது.

"சார், எழுதாதீங்க" என்றேன்.

கரும்பலகையைப் பார்த்துப் பாடம் சொன்ன அதே குரல்தான். ஆனால் கேட்டுவிட்டது.

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். அது என் தப்பு." மெஷினுக்குப் பக்கத்தில் போய் மேல் வரிசை நாலைத் தட்டினேன். விழவில்லை. மறுபடி தட்டினேன். விழவில்லை. "இதுக்காக நான் ஒரு ஃபைல்ல டாலரைப் போட்டு வெச்சிருந்தேன். அதிலேர்ந்துதான் எல்லாரும் எடுத்து ஒட்டிக்குவாங்க. நேத்து சுத்தம் பண்றப்ப அதையும் நான்தான் அழிச்சேன். காலைல உங்ககிட்ட சொல்ல வந்துட்டு, பயந்துட்டுப் போயிட்டேன்."

சார் அந்தப் பொத்தானைத் தானும் நாலு தடவை தட்டினார். கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினார். அரிசி ஒன்று விழுந்தது, டாலர் விழவில்லை. பிறகு கௌசல்யா கையால் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். அதில் வரிக்கு வரி டாலர் குறி இருந்தது, ஒன்றுகூட விடாமல்.

"ஹெச்.எம்.மைக் கூப்பிடுங்க" என்றார்.

தலைமையாசிரியை வந்தார். சார் நியாயமாகத்தான் பேசினார். மெஷின் பழுது என்றால் வேறு மெஷினில் உட்காரவைத்து நேரம் கொடுக்கலாம், ஆனால் பழுது என்ன, எப்போதிருந்து, யார் பொறுப்பு என்று எழுத்தில் வேண்டும், அது தேர்வுத் தாள்களோடு போகும் என்றார். தலைமையாசிரியை என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"இங்க பாரும்மா. இன்னைக்குக் காலைல திடீர்னு போயிடுச்சுன்னு ஒரே வரி எழுதிக் குடு. அவரும் ஒத்துக்குவாரு, அந்தப் பொண்ணும் பரீட்சை எழுதிடும். எட்டு மாசமா பழுதுன்னு எழுதினா ஸ்கூலுக்கும் கெட்ட பேரு, உனக்கும் மெமோ. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு வரிதான். என் சுபாவத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு வசதி என்று உங்களுக்கே தெரியும். எழுதியே இருப்பேன், கௌசல்யா 'ஜூன்லேர்ந்தே' என்று சாரிடம் சொல்லாமல் இருந்திருந்தால்.

"அவ ஏற்கெனவே ஜூன்லேர்ந்துன்னு சொல்லிட்டா டீச்சர். நான் இன்னைக்குன்னு எழுதினா அவ பொய் சொன்னதா ஆயிடும்."

"அதை யாரு போய்ப் பாக்கப்போறா?"

"சார் இப்பவே பாப்பாரு டீச்சர்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வராந்தாச் சுவரில் தாளை வைத்து எழுதினேன். பதினோராம் எண் மெஷினின் கீபோர்டு ஜூன் முதல் பழுது, அது எனக்குத் தெரியும், மாற்றித் தரும்படி நான் வலியுறுத்தவில்லை, மாற்று ஏற்பாட்டையும் நேற்று நானே அழித்துவிட்டேன், மாணவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஐந்து வரி. சுவரின் சொரசொரப்பில் எழுத்து கோணலாக வந்தது. வேறு தாள் கேட்காமல் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கௌசல்யாவை மூன்றாம் எண்ணில் உட்காரவைத்தார்கள். நான் அறைக்குள் இருக்கக்கூடாது என்று சார் சொல்லிவிட்டார், அதுவும் சரிதான். வெளியே நின்றேன். வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளை எண்ணினேன். இருபது ஜோடிக்குப் பதில் ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. இருபது நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள்.

"வந்துதா?"

"வந்துதுக்கா." அம்மா வயதுக்காரியான என்னை அந்தப் பள்ளியில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "ஃபைலைப் பத்தி சொன்னா காப்பி அடிச்சதா ஆயிடும்னு பயந்துட்டேன். எல்லாரும் அதுல இருந்துதான எடுத்தோம். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டார்னா?"

நான் அமைத்துக்கொடுத்த சமாளிப்பு, அந்தப் பிள்ளை கண்ணுக்கு ஒரு குற்றமாகத் தெரிந்திருக்கிறது. அதை அவள் மட்டும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பையை மாட்டிக்கொண்டவள், நின்று கேட்டாள். "நீங்க மொதல்ல கிட்ட வந்தீங்கள்ல, அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். "சொல்லியிருக்கணும்" என்றேன்.

எக்ஸ்டர்னல் சார் உறையை ஒட்டி அரக்கு வைத்துவிட்டு, கடைசியாக ஒரு காபி குடிக்க ஒப்புக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்தவர், போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்: "எங்க லேப்லயும் ஒரு மவுஸ் இருக்கும்மா. வலது பக்கம் க்ளிக் ஆகாது. பிள்ளைங்க பக்கத்து மவுஸைப் பிடுங்கி மாட்டிக்கும். நாளைக்கு மொத வேலையா அதைத் தூக்கிப் போடறேன்."

அன்று சாயங்காலம் சத்திரத்தில் இறங்கி, மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போன கடையில் ஒரு கீபோர்டு வாங்கினேன். மறுநாள் காலை அதைப் பதினொன்றில் மாட்டினேன். பொருளியல் டீச்சர் வந்து பார்த்தார். அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. மேல் வரிசை நாலை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடம் செய்முறைத் தேர்வு நாட்களில் என்னை ஆய்வகத்துக்குள் விடவில்லை, அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முந்தைய நாள் துடைக்கும் வேலை என்னிடமே இருந்தது. அந்த வேலையின் வரிசையை மாற்றினேன். துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து, ஒரு முழு புரோகிராமை என் கையால் அடித்து, விடை வருகிறதா என்று பார்ப்பேன். பிள்ளைகள் அந்தந்த மெஷினுக்கென்று வைத்திருக்கும் தந்திரம் எதையும் நான் பயன்படுத்த மாட்டேன். அடுத்த பிப்ரவரிவரை காத்திருக்காமல், தேர்வு முடிந்த கையோடு ஒரு தடவை அப்படிப் பார்த்தபோதே இன்னும் ஏழு பழுதுகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகளிடம் ஒரு சமாளிப்பு இருந்தது. நீங்களும் இதைச் செய்யுங்கள். இந்த மெஷினில் மட்டும் வேறு மாதிரி செய்யணும் என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது காதில் விழுந்தால், உங்களுக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் வந்தது. ஆய்வகத்துக்கு வேண்டியதைக் கேட்கும் நாள். அந்த ஏழையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் போய்விட்டார்கள், பின்னால் நிறையப் பேர். மெமோ வாங்கிய ஆள் நாலு மாதத்தில் ஏழு சாமான் கேட்டு நிற்பதா என்று தோன்றியது. தாளை மடிக்க ஆரம்பித்தேன். ஏழில் மூன்றை மட்டும் கேட்டால் போதுமே.

அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு கௌசல்யா வந்தாள். கையில் மாற்றுச் சான்றிதழ். பக்கத்தில் அவள் அப்பா, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னார்.

"கிடைச்சுதா?" என்றேன்.

"கிடைச்சுடுச்சுக்கா. எய்டட்லயே." சிரித்தாள். என் கையைப் பார்த்தாள். "அது என்னது?"

"லேபுக்கு வேணுங்கறது. லிஸ்ட்டு."

"அப்போ ஏன் மடிக்கறீங்க?"

அவள் அப்பா, "பெரியவங்ககிட்ட என்ன கேள்வி, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போனார். படியிறங்கும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ஏழா? எதெது முக்கியம், சொல்லு. டிக் பண்ணிக்கறேன்."

"ஏழும் முக்கியம் டீச்சர்."

"நாலுக்கு இப்ப வழி பண்றேன். மிச்சத்தை சமாளிச்சுக்கலாம்ல?"

"முடியாது டீச்சர்" என்றேன். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நான் நகரவில்லை. அவர் பேனாவை எடுத்து ஏழாவது வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.